பற்றாக்குறை நிவர்த்தி

அந்தப் பள்ளிக்கூடத்தில் வகுப்புகள் ஐந்து. ஆசிரியர்கள் மூன்று பேர். அந்த மூன்றிலும் தலைமையாசிரியையை விட்டுவிட வேண்டும். மேலிடத்திலிருந்து வரும் சுற்றறிக்கைகளுக்குப் பதில் எழுதுவதே அவருக்கு முழுநேர வேலை. அவர் எழுதிய பதிலுக்கு விளக்கம் கேட்டு இன்னொரு சுற்றறிக்கை வரும். அதற்கும் எழுதுவார். நல்ல மனுஷி. வகுப்பறைக்குள் நுழைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று வருத்தப்படுவார். வருத்தப்பட்டுக்கொண்டே அடுத்த உறையைப் பிரிப்பார்.

மிச்சம் இரண்டு பேர். கணக்கு சார் ஒன்று, இரண்டு, ஐந்தாம் வகுப்புகளைக் கூடத்தில் உட்கார வைத்துச் சமாளித்தார். மூணாங்கிளாஸ் டீச்சர் மூன்றையும் நான்கையும் பக்கத்து அறையில் வைத்துக்கொண்டார். கரும்பலகையின் நடுவே சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் நான்கு. மூன்று வாய்விட்டுப் படிக்கும்போது நான்கு மனதுக்குள் கணக்குப் போட வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பும்போது டீச்சருக்குத் தொண்டை காய்ந்து, கால் வீங்கியிருக்கும். நாளைக்கு லீவு போட்டுவிடலாம் என்று நினைத்தபடியே தூங்கிப்போவார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து பூட்டைத் திறந்துகொண்டிருப்பார்.

ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்த வருடம் கேட்டிருந்தால் ரேடியோவைக் காட்டியிருப்பார்.

ரேடியோ மூன்றாம் வகுப்புப் பெண். ஓயாமல் பேசுவதால் வகுப்பே கூடி வைத்த பெயர். அவளுக்கும் அதில் பெருமைதான். உலக விஷயம் அத்தனையும் பேசுவாள், படிக்க மட்டும் வராது. எழுத்துகளைத் தனித்தனியே சரியாகச் சொல்வாள். சேர்க்கும்போது கடைசி ‘ம்’மின் புள்ளியை விழுங்கிவிடுவாள். மரம் அவள் வாயில் ‘மரம’ என்று திறந்தபடியே நிற்கும். படம் ‘படம’ ஆகும். அது என்ன சொல் என்று அவளுக்கே புரியாமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்து, “காக்கா” என்று உத்தேசமாகச் சொல்லி வைப்பாள்.

“ம மேல புள்ளி வந்தா வாயை மூடணும். அவ்வளவுதான். ம். என் உதட்டைப் பாரு.”

“வாயை மூடிட்டா எப்படி டீச்சர் படிக்கறது?”

நியாயமான கேள்வி. மூடிய வாயாலும் ஓர் எழுத்தைச் சொல்ல முடியும் என்பது, யோசித்துப் பார்த்தால், ஆச்சரியமான சங்கதிதான். டீச்சர் தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். அந்த வாரம் அவள் உதடுகள் ஏறக்குறையச் சேர்ந்து, தொடப்போகிற சமயத்தில் பிரிந்துவிட்டன. இன்னும் கொஞ்சம்தான். இந்த நேரத்தில் விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுவரை யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பிரார்த்தனையில் டீச்சர் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். கடவுள் அதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தலைமையாசிரியை மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

வருடா வருடம் எழுதும் கடிதம்தான் அது. ‘எங்கள் பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை நிலவுகிறது. ஆவன செய்ய வேண்டுகிறேன்.’ இதுவரை அதற்குப் பதில் வந்ததே இல்லை. இந்த முறை வந்தது.

மேலிடத்தில் புதிதாக ஒரு சிறப்பு அலுவலர் வந்திருந்தார். அவருக்கு மொழியில் ஈடுபாடு அதிகம். பதில் கடிதம் இப்படி இருந்தது: ‘பற்றாக்குறை என்பது பற்று, ஆ, குறை என மூன்று சொற்களாகப் பிரியும். ஆ என்பது வியப்பைக் குறிக்கும். தங்கள் பள்ளி ஆசிரியர்களிடம் பணியின்மேல் உள்ள பற்று வியக்கத்தக்க அளவில் குறைந்திருப்பதைத் தாங்களே முன்வந்து ஒப்புக்கொண்டமை பாராட்டத்தக்கது. குறையை நிவர்த்தி செய்யக் குழு வருகிறது.’

கணக்கு சார் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். “ஆ-ன்னா பசுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. நல்லவேளை, அது அவர் ஞாபகத்துக்கு வரலை. வந்திருந்தா ஒரு மாட்டை அனுப்பியிருப்பார்.”

“அனுப்பியிருந்தா பாலாவது கறந்திருக்கலாம் சார்” என்றார் டீச்சர்.

சிரித்து முடித்த பிறகு, அர்த்தத்தை எடுத்துச் சொல்லி ஒரு வரி எழுதிவிடலாமே என்று டீச்சர் தலைமையாசிரியையிடம் கேட்டார். மேலிடத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பெயர் தனக்கு வேண்டாம், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது என்று அவர் கும்பிட்டார். அதனால் டீச்சரே அலுவலகத்துக்குப் போன் செய்தார். கிளார்க் எடுத்தார். கேட்டது கிடைத்த பிறகும் குறை சொல்லும் ஜனங்களை நாள் முழுக்கப் பார்க்கிறவர் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

“பற்றாக்குறைன்னு நீங்கதானே எழுதினீங்க? நிவர்த்தி பண்ண ஆள் வர்றாங்க இல்ல?”

“வர்ற ஆளுங்க பாடம் நடத்துவாங்களா?”

“நடத்துவாங்க. உங்களுக்கு.”

குழு வந்தது. ஆசிரியர்களைவிடக் குழுவில் ஆள் அதிகம். முன்னால் சிறப்பு அலுவலர், அவருக்குப் பின்னால் புன்னகையைக் கழற்றாத பயிற்றுநர், போட்டோக்காரர், பேனர் கட்டுகிறவர், பேனர் கட்டுகிறவரை மேற்பார்வை பார்க்கிறவர். பிள்ளைகள் வாசலில் வெயிலில் வரிசையாக நின்று, ‘எங்கள் ஆசிரியர்கள் எங்களை நேசிக்கிறார்கள்’ என்று சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. கார் வரத் தாமதமானதால் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று, ‘நேசிக்கிறார்கள்’ என்னும் இடத்தில் வாந்தி எடுத்தது. கணக்கு சார் மண்ணள்ளிப் போட்டு மூடினார். போட்டோக்காரர் அந்த இடம் படத்தில் விழாதபடி வேறு கோணம் பார்த்துக்கொண்டார்.

அவர்கள் கொண்டுவந்த பேனர் அகலமானது. ‘பற்று வளர்ப்போம்’ என்று ஆளுயர எழுத்து. அதை மாட்டப் பொருத்தமான இடம் தேடி, கடைசியில் டீச்சரின் கரும்பலகைமேல் வைத்து, பலகையிலேயே ஆணி அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் பலகையிலிருந்து கறுப்பாக உதிர்ந்தது. பேனரை யாரும் அகற்றக் கூடாது, அகற்றினால் நடவடிக்கை என்று மேற்பார்வையாளர் சொன்னார்.

இன்னொரு பேனரும் இருந்தது. அதில் சிறப்பு அலுவலரின் சிரித்த முகம் மட்டும். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. அதற்குப் பயந்தே அவர்கள் பொழுதுக்கும் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள் என்று டீச்சர் அவரிடம் சொன்னார். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். குறைகள் கண்ணில் படுவதுதான் பற்றுக் குறைவின் முதல் அறிகுறி என்று பரிவோடு விளக்கினார். பிறகு, அந்த நாற்றம் பிடித்த வாசல் படத்தில் தெரியக் கூடாது என்று, தன் முகம் போட்ட பேனரை அங்கே கட்டச் சொன்னார். அந்த மனிதர் அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. அவருக்கு இன்றுவரை அது தெரியாது.

பயிற்சி ஆரம்பமானது. பிள்ளைகளைத் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிட்டு, மூன்று ஆசிரியர்களையும் பேனருக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். நெஞ்சில் கை வைத்து, ‘நான் என் பணியை நேசிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். பயிற்றுநர் தன் போனில் ஒலியை அளக்கும் வசதியைத் திறந்து வைத்திருந்தார். எவ்வளவு சத்தமோ அவ்வளவு பற்று. தலைமையாசிரியை சொன்னது போனுக்குக் கேட்கவே இல்லை. கணக்கு சார் போட்ட கத்தலில் தாழ்வாரத்தில் இரண்டாம் வகுப்பு அழ ஆரம்பித்தது. அந்தச் சமயம் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அன்றைக்கு மிக உயர்ந்த பற்று அந்த லாரிக்குத்தான் பதிவானது.

டீச்சரின் முறை வந்தது. அவர் வாயைத் திறந்தார். ‘நான் என்’ வரைக்கும் வந்தது. அதற்குமேல் குமட்டியது. ஊரார் பார்க்கக் குழந்தையைக் கொஞ்சச் சொன்னால் எந்தத் தாய்க்கும் வருகிற குமட்டல் அது. இத்தனை வருடத்தில் ‘நேசிக்கிறேன்’ என்ற சொல்லை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூடச் சொன்னதில்லை. எச்சில் பட்ட தம்ளரை வரிசையாக ஒவ்வொருவர் வாயிலும் வைத்துவிட்டுத் தன்னிடம் நீட்டுவதுபோல இருந்தது.

“உள்ள இருந்து வரலை மேடம்” என்றார் பயிற்றுநர். “நெஞ்சுல இருந்து கொண்டு வாங்க.”

வெளியே தடாலென்று ஒரு சத்தம். பின்னாலேயே ஓர் அழுகை. டீச்சர் திரும்பினார்.

“பற்று வளர்த்துட்டு இருக்கும்போது பசங்க பக்கம் போகாதீங்க மேடம். கவனம் சிதறிடும்.”

டீச்சர் போய்விட்டார். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தூணில் ஏறி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டிருந்தான். அவர் தரையில் உட்கார்ந்து, அவன் காலை மடியில் வைத்துக் கழுவி, புடவை முந்தானையால் ஒற்றி, ஊதிவிட்டார். எரிச்சல் தெரியாமல் இருக்க, வாய்ப்பாட்டில் அவனுக்கு எப்போதும் தவறும் இடத்தைக் கேட்டார். அவன் அழுகைக்கு நடுவே தவறாகவே சொன்னான். ரேடியோ பக்கத்தில் நின்று விழுந்த விதத்தை நேர்முக வர்ணனை செய்துகொண்டிருந்தாள். போட்டோக்காரர் பொழுது போகாமல் ஒரு படம் எடுத்தார்.

அந்தப் படம்தான் வினையாகிவிட்டது.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. படத்தைப் பார்த்த சிறப்பு அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டதாம். இத்தகைய பற்று ஒரு வகுப்பறைக்குள் வீணாகக் கூடாது. ஆகவே மூணாங்கிளாஸ் டீச்சருக்குப் ‘பற்றுச் சுடர்’ பதக்கம் வழங்கி, அவரைப் பள்ளியிலிருந்து விடுவித்து, முழுநேரப் பற்றுத் தூதராக மேலிடம் எடுத்துக்கொள்கிறது. இனி அவர் ஊர் ஊராகப் போய், பாடம் நடத்துவதை எப்படி நேசிப்பது என்று ஆசிரியர்களுக்குப் பேசுவார். அவர் இடத்துக்கு வேறு ஆள் வராது. இப்படிப்பட்ட ஆசிரியை இருந்த பள்ளியில் பற்றாக்குறை இருக்க வாய்ப்பில்லை அல்லவா?

கணக்கு சார் டீச்சரின் அறைக்கும் கூடத்துக்கும் இடையில் உள்ள கதவை முழுக்கத் திறந்து வைத்து, எங்கே நின்றால் ஐந்து வகுப்பும் கண்ணில் படும் என்று நடந்து நடந்து பார்த்தார். எங்கே நின்றாலும் படவில்லை.

வீட்டில் நாத்தனார் வந்திருந்தார். விஷயம் கேட்டு அவருக்குத் தலைகால் புரியவில்லை. “சாக்பீஸ் தூசி இல்லை, கத்த வேண்டியதில்லை, ஃபேனுக்கு அடியில உக்காரலாம். வாயை மூடிட்டுப் போங்க அண்ணி.”

“அங்க வாயைத் திறக்கத்தான் கூப்பிடறாங்க” என்றார் டீச்சர்.

கணவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிராமலே, தன் மனைவி வீட்டிலேயே வேலையைப் பற்றி நாலு வார்த்தை பேசாதவள், மைக்கில் என்ன பேசுவாள் என்று கேட்டார். பிறகு, “போகணும்னா போ. போக வேண்டாம்னா நான் ஏன்னு கேக்க மாட்டேன்” என்றார். அவரால் முடிந்த அன்பு அது. அது போதுமானதாகவும் இருந்தது.

டீச்சர் விளக்கின் முன்னால் உட்கார்ந்தார். ஆசையாகத்தான் இருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. வீங்கிய காலை நீட்டி உட்காரும் ஆசை. ஆனால் கண்ணை மூடியதும் ஃபேன் தெரியவில்லை. சேரப்போகிற சமயத்தில் பிரிந்துவிடும் இரண்டு சின்ன உதடுகள் தெரிந்தன. கடவுள் பொறுமைசாலி, அவர் யாருக்கும் சுற்றறிக்கை அனுப்புவதில்லை. காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்.

விழா நாளன்று டீச்சர் அலுவலகத்துக்குச் சீக்கிரமே போய், போனில் பேசிய கிளார்க்கைக் கண்டுபிடித்தார். பதக்கம் வேண்டாம், வகுப்பு போதும் என்று சொன்னார். கிளார்க் விதிகளைப் புரட்டினார். பற்றை மறுக்க விதியில் இடம் இல்லை. பற்று இல்லை என்று ஆகிவிட்டால்தான் உண்டு.

“அப்படி ஆனா என்ன செய்வீங்க?”

“தண்டனைதான். அதே ஸ்கூல், அதே கிளாஸ். அசைய விட மாட்டோம். பிரமோஷனும் கிடையாது.”

டீச்சரின் முகம் மலர்ந்ததைப் பார்த்துக் கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். இந்த மேசைக்கு எதிரே தண்டனையைக் கேட்டு மலர்ந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. எந்த வகுப்பு என்று விசாரித்தார்.

“மூணாங்கிளாஸ்.”

“என் பொண்ணும் மூணாங்கிளாஸ்தான்” என்றார் கிளார்க்.

ஆனால் பொய் சொல்லித் தப்பிக்க டீச்சருக்கு மனம் வரவில்லை. பற்று இல்லை என்று எந்த வாயால் சொல்வது? பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று தினமும் சொல்லும் வாய் அது. அரங்கத்துக்குள் போய் உட்கார்ந்தபோது அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. குளிர்சாதனக் காற்றில் வாசனைத் தெளிப்பான் மணம் கனத்துக் கிடந்தது. எதையோ மூடி மறைக்கிற மணம்.

சிறப்பு அலுவலர் பேசினார். உருக்கமான பேச்சு.

“நானும் ஒரு காலத்துல ஆசிரியனா இருந்தவன்தான். ஒரு வருஷம். பசங்க சத்தம் எனக்கு ஒத்துக்கலை. தினமும் தலைவலி. அப்பத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. கல்விக்காக உண்மையா உழைக்கணும்னா முதல்ல பள்ளிக்கூடத்தை விட்டு வெளிய வரணும். இந்த மேடையில உக்காந்திருக்கற எல்லாருமே அப்படிப் பற்று தாங்க முடியாம வெளிய வந்தவங்கதான். இன்னைக்கு அந்தக் குடும்பத்துல ஒரு சகோதரி சேர்றாங்க.”

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமையோடு தலையசைத்துக்கொண்டார்கள்.

டீச்சரை மேலே அழைத்தார்கள். பதக்கத்தைக் குத்துவதற்கு முன்னால் விதிப்படி ஒரு கேள்வி உண்டு. சிறப்பு அலுவலர் மைக்கை நீட்டினார். “சொல்லுங்க மேடம். உங்க கிட்ட பற்றாக்குறை ஏதாவது இருக்கா?”

அந்தச் சொல் காதில் விழுந்ததும் டீச்சருக்கு வழி திறந்துவிட்டது. மனதுக்குள் கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

“இருக்கு சார்” என்றார். “எங்க ஸ்கூல்ல ஆசிரியர் பற்றாக்குறை இருக்கு. ஐயோ, நிறையவே இருக்கு. நானும் அந்த ஸ்கூல் டீச்சர்தான். இல்லைன்னு சொன்னா அது பொய்.”

சிறப்பு அலுவலரின் முகத்தில் முதல் தடவையாக உண்மையான ஓர் உணர்ச்சி வந்தது. அது அருவருப்பு. நாற்றம் பிடித்த கழிப்பறை வாசலில் வைத்துக்கொண்ட அதே கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். இத்தனை பேர் முன்னால் இப்படி வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறவரைத் தாம் பார்த்ததில்லை என்றார். பதக்கம் பயிற்றுநரின் சட்டைக்குப் போயிற்று. அவர் புன்னகை ஏற்கெனவே தயாராக இருந்ததால் விழா தடைப்படவில்லை.

மூணாங்கிளாஸ் டீச்சர் ‘பற்றற்றவர்’ என்று அன்றைக்கே அறிவிக்கப்பட்டார். காடு மலையெல்லாம் அலைந்து, காற்றைக் குடித்துத் தவம் கிடந்து முனிவர்கள் எட்ட முயல்கிற நிலை அது. டீச்சருக்கு முத்திரை குத்திய உத்தரவாகவே கிடைத்தது. அதைத் தட்டச்சு செய்த கிளார்க், ‘பற்று வளரும்வரை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மறு உத்தரவு வரும்வரை அதே வகுப்பில்’ என்று போட்டுக் கொடுத்தார். இந்த அலுவலகத்திலிருந்து எந்த விஷயத்துக்கும் மறு உத்தரவு வந்ததில்லை என்று மெதுவாகச் சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

“பற்றற்ற மகான் வந்தாச்சு” என்று பள்ளிக்கூடத்தில் கணக்கு சார் எழுந்து நின்றார். அவர் குரல் முழுக்கப் போயிருந்தது. ஐந்து வகுப்பையும் ஒருவராக மேய்த்ததில் சட்டையெல்லாம் சாக்பீஸ். டீச்சர் தன் வெந்நீர்ப் பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குள் போனார். பெண் பிள்ளைகள் இரண்டு பேர் சிறப்பு அலுவலரின் சிரித்த முகத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, தண்ணீர்க் குழாய்க்கு ஓடினார்கள்.

கரும்பலகைமேல் பேனர் அப்படியே இருந்தது. அகற்றினால் நடவடிக்கை. எழுத வேறு இடமில்லை. டீச்சர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அளவுகோலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

“சரி, இதையே படிப்போம். ரேடியோ, எழுந்து வா.”

ரேடியோ வந்தாள். வரும்போதே, டீச்சர் இல்லாத நாளில் யார் யாரை அடித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அளவுகோல் முதல் எழுத்தில் நின்றதும் நிறுத்தினாள்.

“ப... ற்... று.”

“ம். மேல.”

“வ... ள... ர்... ப்...”

அப்போது தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். கையில் பிரித்த உறை. இந்தத் தடவை வம்பே வேண்டாம் என்று, பற்றாக்குறை என்ற சொல்லையே தொடாமல், ‘எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் போதவில்லை’ என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அதற்குத்தான் பதில். ஆசிரியர்கள் போதிக்கவில்லை என்பதைத் தாங்களே ஒப்புக்கொண்டமை பாராட்டத்தக்கது, குழு வருகிறது என்று இருந்தது. அதைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார்.

டீச்சர் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினார்.

“...போ...” என்றாள் ரேடியோ. அளவுகோல் கடைசி எழுத்துக்கு நகர்ந்தது. அவள் அதன் தலையிலிருந்த புள்ளியைப் பார்த்தாள். டீச்சரின் உதட்டைப் பார்த்தாள். மறுபடி புள்ளியைப் பார்த்தாள். வகுப்பு மொத்தமும், நான்காம் வகுப்பும் சேர்ந்து, அவள் வாயையே பார்த்தது. இரண்டு உதடுகளும் மெல்ல நெருங்கி வந்து, தொட்டு, சேர்ந்து, அப்படியே நின்றன.

“ம்.”

அவள் வாயைத் திறக்கவில்லை. கண்கள்தான் பெரிதாயின. தான் மூடிய வாயாலேயே அந்தச் சொல்லைச் சொல்லி முடித்துவிட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது.

வாசலில் தலைமையாசிரியை கடிதத்தோடு இன்னும் திறந்த வாயுடன் நின்றிருந்தார். ரேடியோ அவர் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

“புள்ளி வந்தாச்சு மேடம். வாயை மூடணும்.”